கடுகில் எத்தனை நானோகிராம்?

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகளின் வாசலில் சாக்குகள் வாய் திறந்து நிற்கும். கடுகு, வெந்தயம், சோம்பு, மல்லி, கசகசா, ஏலம். பக்கத்துக் கடை வத்தல் நெடி மூக்கில் ஏற, தும்மிக்கொண்டேதான் விலை கேட்க வேண்டும். இதே சரக்குகள் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் ஓர் ஆய்வக மேசைக்குப் போயின. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ரைட்டர் நடத்திவந்த குழு, மனிதர்கள் உண்ணும் 15 வகை விதைகளில் மெலடோனின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வெளியிட்டது. வெள்ளைக் கடுகில் கிராமுக்கு 189 நானோகிராம். கருங்கடுகில் 129, வெந்தயத்தில் 43, பாதாமில் 39, சோம்பில் 28, ஏலக்காயில் 15. மல்லியும் கசகசாவும் ஆறேழு நானோகிராமோடு கடைசி வரிசையில் இருந்தன. பாதி அஞ்சறைப்பெட்டி அந்தப் பட்டியலில் இருந்தது.

மெலடோனின் என்றால் தூக்க மாத்திரையில் இருக்கிற ஹார்மோன் என்றுதான் பலருக்கும் தெரியும். அது கடுகுக்குள் எப்படிப் போனது, கடுகு என்ன தூங்கவா போகிறது என்ற கேள்வி நியாயமானது. விதையின் முளைக்கருவில் கொழுப்பு அதிகம். கொழுப்பு காற்றுப் பட்டால் காறிப்போகும். அதைக் காறவிடாமல் காக்கும் காவல் பொருளாக மெலடோனின் இருக்கலாம் என்பது ரைட்டர் குழுவின் விளக்கம். இப்படிக் காவல் காக்கும் பொருள்களுக்குத்தான் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று பெயர். இன்றைக்கு நெல்லிப் பொடி பாக்கெட்டிலிருந்து முகப்பூச்சு வரை அந்தச் சொல் ஒட்டாத இடமில்லை.

ஆனால் 129 நானோகிராம் என்பது எவ்வளவு? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் பத்து லட்சம் பேர் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படி எட்டு ஆண்டுத் திருவிழாக் கூட்டத்தையும் ஒன்றாக நிறுத்தி, அதற்குள் ஒரே ஒருவரைத் தேட வேண்டும். கருங்கடுகில் மெலடோனின் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. வாழைப்பழத்தில் சொல்லப்படும் அளவுக்கு இரண்டாயிரம் திருவிழா தேவைப்படும். தேடுகிறவர் ஆளை மாற்றிப் பிடித்துவிட வாய்ப்பு எத்தனை என்பதை யோசித்துக்கொண்டால், இந்த அத்தியாயத்தில் வரப்போகும் குளறுபடிகள் வியப்பாக இருக்காது.

மெலடோனினை அளந்த முதல் கருவி தவளைத் தோல். 1917-இல் கேரி மெக்கார்ட், ஃபிளாய்ட் ஆலன் என்ற இரு அமெரிக்கர்கள், மாட்டு மூளையின் பினியல் சுரப்பிச் சாற்றைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் கறுத்த தோல் வெளுத்துப்போனது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தோலின் நிறத்தை ஆளும் பொருளைத் தேடிய யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், லட்சக்கணக்கான மாட்டுப் பினியல் சுரப்பிகளைக் கசக்கிப் பிழிந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958-இல் அது வெளியானது. அவர் தேடியது நிறத்துக்கான பொருளை. கையில் கிடைத்தது இருட்டில் சுரக்கும் கடிகார ஹார்மோன்.

அந்தக் கடிகாரம் மதுரைக்குப் பழக்கமானது. ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் எர்வின் பியூனிங்கிடம் பயின்ற எம். கே. சந்திரசேகரன், 1970-களின் நடுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்து உயிர்க்கடிகார ஆய்வைத் தொடங்கினார். வளாகத்துக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலைக் குகையில் வௌவால்கள் இருந்தன. குகைக்குள்ளேயே கூண்டில் அடைத்து வைத்த வௌவால், சூரிய வெளிச்சத்தைக் காணாவிட்டாலும், கூட்டத்தார் அந்தியில் கிளம்பி விடியலில் திரும்பும் சந்தடியைக் கொண்டே தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று அவரும் ஜி. மாரிமுத்துவும் 1981-இல் காட்டினார்கள். கடிகாரமும் பகல் வெளிச்சமும் எட்டாத தனியறைகளைக் கட்டி, அவற்றில் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தார்கள். தூங்கா நகரம் என்று பெயரெடுத்த ஊரில்தான் தூக்கத்தின் கணக்கும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கப்பட்டது.

அங்கே வேலைசெய்த வி. கே. சர்மா, எம். சிங்காரவேல், ஆர். சுப்பராஜ் ஆகியோர் வயல்வெளிச் சுண்டெலிகளைக் கொண்டு 1990-களில் மெலடோனினையே சோதித்தார்கள். கூண்டில் இரவையும் பகலையும் திடீரென நகர்த்தி வைத்தால், வெளிநாட்டு விமானத்தில் வந்திறங்கியவரைப் போல எலியும் சில நாள் தடுமாறும். சரியான வேளையில் மெலடோனின் செலுத்தப்பட்ட எலிகள் புதிய நேரத்துக்குச் சீக்கிரம் பழகின. 1999-இல் சந்திரசேகரனும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ‘உரிய நேரத்தில்’ என்ற அழுத்தம் இருக்கிறது. மெலடோனின் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். உணவுப் பட்டியல்கள் இந்த இரண்டாவது கேள்வியின் பக்கமே போவதில்லை.

செடிகொடிகளில் மெலடோனின் உண்டு என்பது பரவலாகத் தெரியவந்தது 1995-இல். ஜெர்மனியில் டுபெல்ஸ் குழுவும் ஜப்பானில் ஹட்டோரி குழுவும் தனித்தனியே அறிவித்தன. இரண்டு குழுவும் தக்காளியை அளந்திருந்தன. ஜெர்மன் தக்காளியில் கிராமுக்குச் சுமார் அரை நானோகிராம். ஜப்பானியத் தக்காளியில் அதில் பதினைந்தில் ஒரு பங்குதான். பின்னர் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு தக்காளி ரகங்களில் 4 முதல் 114 நானோகிராம் வரை கண்டதாகச் சொன்னது. தக்காளி தக்காளிதான், ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் மூவாயிரம் மடங்கு வித்தியாசம்.

இதில் ஒரு பகுதி உண்மையான வேறுபாடு. வெயில், வறட்சி, குளிர், புற ஊதாக் கதிர் என்று எந்த நெருக்கடி வந்தாலும் செடி மெலடோனினைக் கூட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கூடாரத்தில் விளைந்த தக்காளியும் சித்திரை வெயிலில் மானாவாரி நிலத்தில் காய்த்த தக்காளியும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டியதில்லை. ரகம், பழுத்த பதம், பறித்த வேளை எல்லாம் சேரும். ஆனாலும் மூவாயிரம் மடங்கை வெயிலின் தலையில் கட்டிவிட முடியாது. மிச்சப் பழி அளக்கும் முறையின் மேல்தான்.

ஆய்வகத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் சிக்கல் புரியும். பழத்தை நைட்ரஜன் திரவத்தில் உறையவைத்து மாவாக அரைக்கிறார்கள். மெத்தனாலில் கலக்கி, வடிகட்டி, சாற்றை ஒடுக்குகிறார்கள். விளக்கைக் குறைத்துக்கொண்டுதான் இதெல்லாம் நடக்கும், ஏனென்றால் மெலடோனின் வெளிச்சத்தில் சிதையும். திசுவை நசுக்கியதுமே உள்ளே அடைபட்டிருந்த ஆக்ஸிஜன் வகைகளும் நொதிகளும் வெளியே வந்துவிடும். மெலடோனினோ ஆன்டி-ஆக்ஸிடன்ட். தன் வேலையைத்தான் அது செய்கிறது: எதிர்ப்பட்ட ஆக்ஸிஜனோடு மோதித் தன்னையே அழித்துக்கொள்கிறது. அளக்கப் போகும் பொருள் அளப்பதற்குள் செலவாகிவிடும் விந்தை இது. எவ்வளவு போனது என்று தெரியாவிட்டால், கடைசியில் கிடைக்கும் எண் மிச்சத்தின் எண் மட்டுமே.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. தொடக்க கால ஆய்வுகள் பலவும் ரத்தப் பரிசோதனைக்கென்று உண்டாக்கிய ஆன்டிபாடி முறையைக் காய்கறிக்கும் கொண்டுவந்தன. மெலடோனினைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதம் அது. மனித ரத்தத்துக்குச் சரிப்பட்ட அந்தப் புரதம், செடியின் நிறமிகளும் ஃபீனால்களும் நிறைந்த சாற்றில் ஆளை மாற்றிப் பிடித்துக்கொள்ளும். எண் ஏறிவிடும். 2000-இன் விதை ஆய்வு ஆன்டிபாடியை மட்டும் நம்பாமல், பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியாலும் சரிபார்த்தது, அந்தக் காலத்துக்கு அது நல்ல கவனம்.

இன்று நம்பகமானது நிறைமாலைமானி இணைந்த குரோமட்டோகிராபி. மெல்லிய குழாய் வழியே சாற்றைத் தள்ளினால் ஒவ்வொரு பொருளும் தன் வேகத்தில் வெளியே வரும். வருவதை மின்னூட்டி எடைபோட்டு, உடைத்து, உடைந்த துண்டையும் எடைபோடுவார்கள். மெலடோனின் 233 என்ற எடையில் வந்து, உடைந்து 174 ஆகும். அதற்கும் மேலாக, ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜன் கோத்த மெலடோனினைத் தெரிந்த அளவில் முதலிலேயே பழக்கூழில் கலந்துவிடுகிறார்கள். வேதியியலில் அது அசல் மெலடோனினோடு ஒத்து நடக்கும். எடையில் மட்டும் கொஞ்சம் கூடுதல். கலந்ததில் நூற்றுக்கு நாற்பது கடைசியில் திரும்பி வந்தால், பழத்தின் மெலடோனினும் நாற்பதுதான் தப்பியது என்று கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் ஒருமுறை ஏமாந்தார்கள். சிவப்பு ஒயினில் மெலடோனினோடு அதே எடையுள்ள இன்னொரு பொருள் கிடைத்தது. மெலடோனினின் வேறொரு வடிவம் என்று அதற்குப் பெயர் வைத்துக் கட்டுரைகளும் வந்தன. 2014-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள்: டிரிப்டோஃபான் எத்தில் எஸ்டர். 13 கார்பன், 16 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்ஸிஜன் என்று மெலடோனினில் உள்ள அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில், வேறு வரிசையில். புளிக்கும்போது சாராயமும் அமினோ அமிலமும் சேர்ந்து உண்டாகும் சாதாரணப் பொருள்தான்.

பிஸ்தா கதை இன்னும் வேடிக்கையானது. 2014-இல் ஈரானிலிருந்து வந்த ஓர் ஆய்வு, பிஸ்தாப் பருப்பில் கிராமுக்கு 2,30,000 நானோகிராம் மெலடோனின் இருப்பதாகச் சொன்னது. கருங்கடுகைப் போல ஆயிரத்து எழுநூறு மடங்குக்கும் மேல். சாற்றின் மேல் புற ஊதா ஒளி பாய்ச்சி, அது எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்த கணக்கு அது. ஒளிர்வது மெலடோனின் மட்டும்தானா? டிரிப்டோஃபானும் ஒளிரும், அதன் உறவுகள் அத்தனையும் ஒளிரும். இந்த எண்ணை நம்பினால் 13 கிராம் பிஸ்தா ஒரு 3 மில்லிகிராம் தூக்க மாத்திரைக்குச் சமம். பிஸ்தா பர்ஃபி தின்றவர்கள் கல்யாண மண்டபத்திலேயே சாய்ந்திருக்க வேண்டும். அப்படி யாரும் சாய்ந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் ‘தூக்கம் தரும் உணவுகள்’ என்ற பட்டியல்களில் பிஸ்தா இன்னும் முதலிடத்தில் அமர்ந்திருக்கிறது.

அதே மாத்திரைக் கணக்கை மற்றவற்றுக்கும் போட்டுப் பார்க்கலாம். 3 மில்லிகிராம் மெலடோனினுக்குக் கருங்கடுகு 23 கிலோ தின்ன வேண்டும். வெந்தயம் என்றால் 70 கிலோ. வால்நட்டில் 2005-இல் அளந்த 3.5 நானோகிராமை எடுத்துக்கொண்டால் 850 கிலோவுக்கு மேல். கிராமுக்கு அரை நானோகிராம் வைத்திருக்கும் வாழைப்பழம் ஆறு டன். சிம்மக்கல் பக்கம் வாழைக்காய்ப் பேட்டையில் லாரியோடு பேசி முடிக்க வேண்டிய சரக்கு. சிறுமலைப் பழமானாலும் நாட்டுப் பழமானாலும் மாத்திரையோடு போட்டி போடும் வழியில்லை. விழுங்கிய மெலடோனினில் சுமார் 15 சதவீதம்தான் கல்லீரலைத் தாண்டி ரத்தத்துக்கு வருகிறது என்பது இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை.

ஆனால் விஷயம் இங்கேயே முடிந்துவிடவில்லை. தாய்லாந்தின் கோன் கேன் பல்கலைக்கழகத்தில் 12 ஆண்களுக்குப் பழம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2013-இல் வெளியானது. ஒரு கிலோ அன்னாசியைப் பிழிந்த சாறு, ஒரு கிலோ ஆரஞ்சைப் பிழிந்த சாறு, இரண்டு வாழைப்பழம் என்று வெவ்வேறு நாளில் கொடுத்தார்கள். வாழைப்பழம் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் மெலடோனின் மில்லிலிட்டருக்கு 32 பிக்கோகிராமிலிருந்து 140-க்கு ஏறியது. அன்னாசியிலும் ஆரஞ்சிலும் ஏறக்குறைய அதே கதை.

இந்த ஏற்றத்தை ஒரு காகிதத்தில் கணக்குப் போடலாம். உடலில் ரத்தத் தெளிவு சுமார் மூன்று லிட்டர். அதில் மில்லிலிட்டருக்கு 108 பிக்கோகிராம் ஏற, 324 நானோகிராம் மெலடோனின் ரத்தத்துக்குள் வந்திருக்க வேண்டும். இரண்டு வாழைப்பழத்தில் மொத்தமே நூறு, நூற்றிருபது நானோகிராம்தான். அதில் 15 சதவீதம்தான் ரத்தத்துக்கு வரும் என்றால் கிடைப்பது இருபதுக்குள். கொடுத்ததைவிட வந்தது அதிகம்! ஒன்று, பழத்தில் அளந்தது குறைவு. அல்லது ரத்தத்தில் அளந்தது கூடுதல். அங்கேயும் ஆன்டிபாடி முறைதான். அல்லது பழத்தின் வேறு சரக்கு உடலின் சொந்த உற்பத்தியைத் தூண்டியது. மூன்றாவதில் சுவாரசியம் இருக்கிறது. வாழைப்பழத்தில் செரட்டோனின் இருப்பது மெலடோனின் பிரிக்கப்பட்ட அதே 1958-லேயே தெரிந்துவிட்டது. அது மெலடோனினைப் போலப் பல்லாயிரம் மடங்கு. சில கட்டிகளைக் கண்டறிய எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு முன் வாழைப்பழம் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். செரட்டோனினிலிருந்து இரண்டு படி ஏறினால் மெலடோனின். குடலே அதைத் தயாரிக்கவும் செய்கிறது.

ஆன்டி-ஆக்ஸிடன்ட் கணக்கில் இந்த வம்பு மெலடோனினோடு தொடங்கியதல்ல. நெல்லிக்காய் அதற்கு வெகு முன்பே ஆய்வாளர்களை அலைக்கழித்திருக்கிறது.

வைட்டமின் சி-யை அளக்கும் பழைய முறையைக் கல்லூரிச் செய்முறைக்கூடத்தில் பலரும் செய்திருப்பார்கள். நெல்லிச் சாற்றை ஆக்சாலிக் அமிலத்தில் எடுத்து, பியூரெட்டிலிருந்து ஒரு சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. காரத்தில் நீலமாகவும் அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும் அந்தச் சாயம், வைட்டமின் சி இருக்கும்வரை விழுந்த உடனே வெளுத்துப்போகும். வெளுக்காமல் லேசான சிவப்பு நின்றுவிட்டால் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று பார்ப்பார்கள். ஆனால் சாயத்தை வெளுக்கவைக்க வைட்டமின் சி மட்டும் வேண்டும் என்பதில்லை. நெல்லியின் துவர்ப்பும் அந்த வேலையைச் செய்யக்கூடியது. இரும்புக் கத்தியால் நெல்லியை நறுக்கினால் வெட்டுப்பட்ட இடம் கருநீலமாகும். அந்தக் கறையை உண்டாக்கும் டானின்தான் அது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். தாமோதரனும் கே. ஆர். நாயரும் 1936-லேயே இந்த டானினைப் பிடித்துவிட்டார்கள். நெல்லியின் டானின் வைட்டமின் சி-யைக் காற்றில் கெடாமல் காக்கிறது என்பது அவர்கள் கண்டது. நெல்லியைக் காயவைத்தாலும் சத்து மற்ற பழங்களைப் போல ஓடிவிடுவதில்லை என்ற பழைய நம்பிக்கைக்கு வேதியியல் அடிப்படை அப்படித்தான் கிடைத்தது. 1996-இல் வாராணசியின் ஷிப்நாத் கோசல் குழு இன்னொரு பக்கம் போய், நெல்லியின் பலம் டானின் வகைகளில்தான், வைட்டமின் சி-யில் இல்லை என்றது. பத்தாண்டு கழித்து இத்தாலியில் பொருள்களைப் பிரித்து அளந்தபோது, மொத்த ஆன்டி-ஆக்ஸிடன்ட் பலத்தில் 45 முதல் 70 சதவீதம் வைட்டமின் சி-யுடையது என்று வந்தது. ஔவைக்குக் கொடுத்த நெல்லியை யாரும் டைட்ரேஷன் செய்யவில்லை, நல்ல காலம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் நெல்லியில் வைட்டமின் சி 600 மில்லிகிராம். 2017-இல் அதே நிறுவனம் வெளியிட்ட புதிய அட்டவணையில் 252. ரகம், மாதிரி எடுத்த இடம், அளந்த முறை எல்லாம் இடையில் மாறியிருக்கின்றன. கடைப் பொட்டலங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் 600 இன்னும் செல்லும் காசு.

பொருளைப் பெயர்சொல்லிப் பிரிக்காமல் ‘மொத்த ஆன்டி-ஆக்ஸிடன்ட் பலம்’ என்று ஒரே எண்ணாகச் சொல்லும் முறைகளுக்கு இன்னும் கிராக்கி. டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் இலைச் சாற்றை விட்டால் அது மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் படித்தால் முடிந்தது. 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் கண்ட இந்த முறைக்குச் செலவு குறைவு, அரை நாளில் முடியும், முருங்கை முதல் மருதாணி வரை எதைப் போட்டாலும் ஏதோ ஓர் எண் வரும். எம்.எஸ்சி. மாணவருக்கு வரப்பிரசாதம். ஆனால் அந்தக் கரைசல் உடலில் எங்கும் கிடையாது. சோதனைக் குழாயில் சாயத்தை வெளுத்த பொருள் குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரல் விட்டுவைக்குமா, செல்லுக்குள் போய்ச் சேருமா என்பதற்கு அது பதில் சொல்லாது.

‘ஓராக்’ என்ற இன்னொரு முறையில் உணவுகளுக்கு மதிப்பெண் போட்டு அமெரிக்க வேளாண் துறை இணையத்தில் ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தது. கிராம்பும் பட்டையும் மஞ்சளும் அதில் உச்சியில் இருந்தன, யாரும் கிராம்பைக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுவதில்லை என்றாலும். வணிக நிறுவனங்கள் அந்த எண்களை டப்பாவில் அச்சடிக்கத் தொடங்கின. சோதனைக் குழாய் எண்ணுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, எண்கள் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்று காரணம் சொல்லி 2012-இல் அந்தத் துறையே பட்டியலை எடுத்துவிட்டது.

2017-இன் இந்திய அட்டவணை வேறு வழியில் போயிருக்கிறது. நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து மாதிரி எடுத்து, 528 உணவுகளில் 151 கூறுகளை அளந்து, பாலிஃபீனால்களைக்கூட ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஆன்டி-ஆக்ஸிடன்ட் பலத்தை ஒரே எண்ணில் அடக்கிச் சொல்லும் மதிப்பெண் எதுவும் அதில் கிடையாது. மெலடோனினும் அந்த 151-இல் இல்லை.